தமிழய்யாக்களுக்கும் தமிழம்மாக்களுக்கும் ஒரு பழைய கம்பாசிட்டரின் மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் தமிழ் நடத்துகிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

மூன்று மாவட்டம் என்று எழுதினாலும் எனக்கு இது ஒரே சீமைதான். 1986இல் இன்றைய தூத்துக்குடி, சிதம்பரனார் மாவட்டம் என்று பிரிந்தபோது, அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் பில் புத்தகத்தில் மாவட்டப் பேரை மாற்றி அடிக்க வந்தார்கள். எங்கள் அச்சகத்துக்கு ரெண்டு மாசம் நல்ல வேலை. மற்றபடி பேச்சும் மாறவில்லை, கோயில் கொடையும் மாறவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். 1971இல், பதினஞ்சு வயசில், டவுனில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். மரப்பெட்டியில் அறை அறையாக ஈய எழுத்து கிடக்கும். இடது கையில் எழுத்தை அடுக்குகிற ஸ்டிக், வலது கையால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரட்டி அடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, ரைஸ்மில் ரசீது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது தும்பிக்கை வைத்த 'லை'யையும் 'னை'யையும் பெட்டியிலிருந்து பொறுக்கி வெளியே போட்டவர்களில் நானும் ஒருவன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வந்திருக்கிறேன், அதைச் செய்த கை எது என்று காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

மே, ஜூன் வந்துவிட்டால் அச்சகத்தில் கட்டுரை நோட்ஸ் ஓடும். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை. குறிப்புச் சட்டகம், முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை. 'நூலகத்தின் பயன்', 'நான் விரும்பும் தலைவர்', 'நான் கண்ட பொருட்காட்சி', 'இயற்கைச் சீற்றங்கள்'. எழுதினவர் பேர் இருக்காது, 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போடுவோம். அந்தக் குழு ஒரே ஒரு ஆள். பக்கத்துக்கு இவ்வளவு என்று முதலாளி எண்ணிக் கொடுப்பார். அடுத்த வருஷம் அட்டை மாறும், உள்ளே மாறாது. கோத்து முடித்த பக்கங்களைப் பாரம் என்போம்; அந்தப் பாரத்தைக் கலைக்காமல் சணல் போட்டுக் கட்டி வைத்திருப்போம், ஜூன் வந்ததும் மிஷினில் ஏற்றுவோம். ஒரே பொருட்காட்சிக்கு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அத்தனை பேரும் போய்வந்தார்கள். ஒரே ராட்டினத்தில் ஏறினார்கள். எல்லாருக்கும் அப்பளம் ஒரே அளவில் பெரிதாக இருந்தது.

அதில் என்ன கெடுதல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது 2023 டிசம்பரில்.

அந்த 17ஆம் தேதி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சனங்கள் சிக்கிக் கிடந்தார்கள். இங்கே மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஆறு வந்தது. வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்கு வண்டல் கோடு. பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்ததும் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு, 'இயற்கைச் சீற்றங்கள்'. பிள்ளை அந்த வண்டல் கோட்டுக்குக் கீழே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, நோட்ஸைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். 'இயற்கை அன்னை ஒருபுறம் அரவணைப்பாள், மறுபுறம் அழித்தொழிப்பாள்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் கோத்த வரி. 'அழித்தொழிப்பாள்' வரிக்குள் அடங்காமல், முன்னால் சொல்லுக்குச் சொல் இடைவெளிக்கு வைத்திருந்த ஸ்பேஸையெல்லாம் உருவி உருவி அதை நுழைத்தது என் விரலுக்கு இன்னும் ஓர்மை இருக்கிறது. அச்சகம் மூடியாகிவிட்டது, டிரெடில் அச்சு மிஷின் காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த வரி மட்டும் யார் யார் கையிலோ புரண்டு என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"ஏட்டி, நம்ம வீட்டுக்குத் தண்ணி வந்துச்சே, அத எழுதலாம்லா?" என்று கேட்டேன்.

"அது கட்டுரைல வராது தாத்தா. அது சும்மா நடந்தது."

ஐயாமார்களே, அம்மாமார்களே, இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த மடலே. தன் கண்ணால் பார்த்தது 'சும்மா நடந்தது'. எவனோ பக்கக் கணக்குக்கு எழுதி, நான் கோத்தது 'கட்டுரை'. இந்த எண்ணத்தைப் பிள்ளை தாய் வயிற்றிலிருந்து கொண்டு வரவில்லை. நாம் எல்லாரும் சேர்ந்து கொடுத்திருக்கிறோம். நான் ஈயத்தில் கொடுத்தேன்.

வேறு தாளில் எழுதச் சொன்னேன். ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினது இது. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்:

'தண்ணி வரும்போது சத்தமே இல்ல. பாத்ரூம் ஓட்டை வழியாத்தான் மொதல்ல வந்துச்சு. ஆச்சி அரிசிச் சாக்கைக் கட்டில்மேல ஏத்துனா. பொறவு கட்டிலே மிதந்துச்சு. நாங்க மச்சுக்குப் போயிட்டோம். எதுத்த வீட்டு நாய் எங்க மச்சுப்படியில வந்து ஒக்காந்துச்சு. அதுக்கும் எங்களுக்கும் ஆகாது. அன்னைக்குக் கொலைக்கல. தாத்தாவோட எழுத்துப் பெட்டி மட்டும் மிதக்கல. அது ஈயம்.'

நாற்பது வருஷம் எழுத்துக் கோத்தவன் நான். இதில் எதை எடுக்க, எதைச் சேர்க்க என்று எனக்குத் தெரியவில்லை. 'சத்தமே இல்ல' என்று தொடங்கத் தெரிந்திருக்கிறது. முடிக்கவும் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அவளுடைய தமிழம்மா கடுகடுத்தவர் இல்லை. படித்திருக்கிறார், நாய் வந்த இடத்தில் சிரித்தும் இருக்கிறார். அதற்குள் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. 'மொதல்ல'வுக்கு ஒரு வட்டம், 'பொறவு'க்கு ஒரு வட்டம், 'எதுத்த', 'ஒக்காந்துச்சு', குரைக்கவில்லை என்பதற்கு நாங்கள் சொல்கிற 'கொலைக்கல'. கீழே, 'பேச்சு வழக்கைத் தவிர்க்கவும். முன்னுரை, முடிவுரை இல்லை.' அவரை நான் குறை சொல்ல மாட்டேன். புரூஃப் பார்க்கிறவன் கையும் அப்படித்தான், வீட்டுக்கு வந்த கடிதத்தில்கூடப் பிழை தேடும். ஆனால் பிள்ளை என்னிடம் கேட்டதை மறக்க முடியவில்லை. "நாய் வந்தது சரியா தப்பான்னு டீச்சர் ஒண்ணுமே போடலியே தாத்தா?"

அந்த வட்டத்துக்குள் விழுகிற சொற்களைத் தொகுத்து இந்தச் சீமைக்காரர் ஒருவர் அகராதியே போட்டிருக்கிறார். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. இடைசெவல் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது. எழுத்தாளர் கு. அழகிரிசாமிக்கும் அதே இடைசெவல்தான். 1970இல் அழகிரிசாமிக்கும் 1991இல் கி.ரா.வுக்கும் சாகித்திய அகாதெமி விருது. ஒரே கிராமம். இந்தப் பக்கம் தாமிரபரணிக் கரையில் ராஜவல்லிபுரம். தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளைக்கு, அவர் ராஜவல்லிபுரம். 1978இல் வல்லிக்கண்ணன், அவருக்கும் சொந்த ஊர் அதுதான். ரெண்டு சின்ன ஊர், நாலு விருது. வரப்பில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கிற ஊர்கள்.

விருதுக்காக எழுதச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எழுத்து எங்கோ மதராஸிலிருந்து வருகிற சரக்கு இல்லை என்று பிள்ளைக்குத் தெரியட்டும், அதற்காகச் சொன்னேன். பாரதி படித்த பள்ளிக்கூடம் நம்ம டவுனில் இருக்கிறது. போர்டைப் பார்த்து எல்லாருக்கும் பெருமை. அந்த இங்கிலீஷ் படிப்பால் அப்பாவுக்கு ஆயிரம் செலவு, தனக்குப் பல்லாயிரம் தீது என்று பின்னால் சுயசரிதைப் பாட்டில் வயிறெரிந்து எழுதினதும் அதே பாரதிதான். அதைப் போர்டில் போட மாட்டோம்.

உங்கள் கை கட்டப்பட்டிருப்பது எனக்குத் தெரியாதது இல்லை. பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் குறிப்புகளைக் கொடுத்துக் கட்டுரை கேட்கிறார்கள், 8 மதிப்பெண். பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் வாசலில் வந்து நிற்பது என்னை மாதிரித் தாத்தாக்கள்தான். 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தைக் கொடுத்தும் கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல கேள்வி! எங்கள் வளவில் ஒரு பையன், எந்தப் படம் வந்தாலும் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கவிதையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். "படத்தப் பாக்கவே வேண்டாம் தாத்தா, நேரம் மிச்சம்" என்றான். அப்புறம் அந்த வாழ்த்துக் கடிதம், கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கின நண்பனுக்கு. அந்த நண்பன் யார், அவன் எழுதின கட்டுரை எங்கே? நானும் பல வருஷமாகக் கேட்கிறேன், அவனைக் கண்டவர் யாரும் இல்லை.

பரீட்சையை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்டு என்ன ஆகும், அது உங்கள் கையில் இல்லை. கட்டுரை நோட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் கேட்பது வாரத்தில் ஒரு இருபது நிமிஷம். அதற்கென்று ஒரு 40 பக்க நோட்டு. அதில் முன்னுரை கிடையாது, உள்தலைப்பு கிடையாது, சிவப்பு மை கிடையாது. வீட்டில் பேசுகிற பேச்சில் எழுதலாம்.

பிழை பார்க்க வேண்டாம் என்று கம்பாசிட்டரே சொல்லலாமா என்பீர்கள். பிழையால் நான் பட்டதை நீங்கள் பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு தடவை துணைக்கால் ஒன்று கழன்று விழுந்து 'கொடை விழா' என்பது 'கெடை விழா' என்று அச்சாகி, சாமியை ஆட்டுக்கெடையில் கட்டிவிட்டான் என்று ஊரே அச்சகத்துக்கு வந்து நின்றது. ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் நோட்டீஸ் திரும்ப அடித்தோம். ஒற்று, சந்தி, றகர ரகரம் எல்லாம் வேண்டும்தான். ஆனால் எந்த அச்சகத்திலும் முதலில் கோப்பார்கள், பிறகுதான் புரூஃப். கோக்காத பாரத்துக்குப் புரூஃப் பார்த்த ஆள் யாரும் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

தலைப்புக் கொடுத்தால் நோட்ஸ்காரனால் அடிக்க முடியாத தலைப்பாகக் கொடுங்கள். முக்கூடல் பிள்ளையிடம், அம்மா கட்டுக்கு 25 பீடி எண்ணும்போது உதடு அசையுமா, விரல் மட்டும் ஓடுமா என்று கேளுங்கள். பத்தமடைப் பிள்ளைக்கு ஊறின கோரையின் வாடை தெரியும். உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பதனீர் கொதித்துக் கருப்பட்டிப் பதத்துக்கு வந்ததை ஆச்சி எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாள் என்பது தெரியும், நமக்குத் தெரியாது. கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும், அதன் எச்சம் பள்ளிக்கூடச் சட்டையில் விழுந்தால் வீட்டில் திட்டுவார்களா, மாட்டார்களா? மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டை விட்டு 2024இல் இறங்கி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கீழே உங்கள் வகுப்பில் இருக்கலாம். லயன் வீட்டு ஜன்னலில் காலையில் மேகம் எப்படி வந்து நிற்கும் என்று அந்தப் பிள்ளை எழுதாவிட்டால் இனி எழுத ஆள் இல்லை. அது கட்டுரைப் போட்டிக்கு வராது. கேட்டால்தான் வரும்.

கதை சொல்லும் முறையைக் கற்றுக் கொடுக்க வேண்டாமா என்றால், கொடையில் முத்துப்பட்டன் கதையை விடிய விடிய வில்லுப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிற பிள்ளை அது. எங்கே நிறுத்தினால் சனம் எழுந்து போகாது என்று புலவர் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறது.

எழுதியதை என்ன செய்வது? படியுங்கள். திருத்தாமல் படிக்கிறது கஷ்டம், எனக்குத் தெரியும். படித்துவிட்டு அடியில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். 'நாய் பிறகு எங்கே போச்சு?' அவ்வளவு போதும். பிள்ளைக்கு அடுத்த பக்கம் கிடைத்துவிடும். டவுன் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு விமர்சகர் தி.க. சிவசங்கரன் கடைசி வரைக்கும் இதைத்தான் அஞ்சலட்டையில் செய்தார். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒரு புதுப் பையன் ஒரு கதை எழுதினால், இங்கிருந்து நாலு வரி போகும். அந்த அட்டைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற எழுத்தாளர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அஞ்சலட்டை இன்றைக்கும் 50 காசுதான்.

பள்ளிக்கல்வித் துறையும் சும்மா இருக்கவில்லை. ஊஞ்சல், தேன்சிட்டு என்று பிள்ளைகளுக்கே பத்திரிகை வருகிறது. 2022இல் இங்கே பொருநை இலக்கியத் திருவிழாவும் நடந்தது. ஆனால் பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் பீரோவுக்குள் கிடந்ததையும் ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். பிரித்துவிடுங்கள்.

இனிச் சொல்லப் போவது உங்களுக்குக் கோபம் வரலாம். உங்களில் பாதிப் பேர் எழுத ஆசைப்பட்டவர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரிட்டயர் ஆகிற வருஷம் கவிதைப் புத்தகம் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தவர்களில் தமிழாசிரியர்கள்தான் அதிகம். முப்பது வருஷத்துக் கவிதைகள், ரெக்ஸின் டைரியில், மணிமணியான கையெழுத்தில். 500 பிரதி அடிப்போம். பாதிக்குமேல் கட்டிலுக்கடியில் இருக்கும், விசேஷ வீட்டில் மொய்யோடு கொடுப்பார்கள். நான் சிரிக்கவில்லை. கோக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும்: நிலா, தென்றல், தமிழன்னை என்று பக்கம் பக்கமாகப் போகும். அந்த ஐயா சைக்கிளில் முப்பது வருஷம் போய்வந்த ரோடு ஒரு வரியில்கூட இருக்காது. சத்துணவு வரிசையில் நின்ற பிள்ளை இருக்காது. அதெல்லாம் அவருக்கும் 'சும்மா நடந்தது'. வியாபாரத்தைப் பார்த்து வாயைத் திறக்காமல் கோத்துக் கொடுத்தேன். அதுவும் என் தப்புக் கணக்கில் சேரும்.

ஆகையால் பிள்ளைகள் எழுதுகிற அந்த இருபது நிமிஷமும் நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுங்கள். வருகைப் பதிவேட்டை ஒதுக்கி வையுங்கள். கடைசியில் நீங்கள் எழுதினதையும் வாசியுங்கள், நன்றாக இல்லாவிட்டாலும் வாசியுங்கள். பெரியவர் ஒருவர் தடுமாறி எழுதுகிறதைப் பார்த்த பிள்ளைக்கு வருகிற தைரியம் எந்த நோட்ஸிலும் வராது. வயசாகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். கி.ரா.வின் முதல் கதை அச்சில் வந்தது 1958இல், முப்பது வயசைத் தாண்டின பிறகு.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே எழுத ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கட்டையின் அட்டையில் கிறுக்கி வைத்ததைக் கொண்டு வந்து காட்டுவார், வள்ளியூர் வண்டியில் ஏறினவர்கள் பேசினது. கவிதை எழுத வேண்டும், யாப்பு சொல்லிக் கொடுங்கள் என்பார். இந்த அட்டையே போதும் அண்ணாச்சி, தேதி மட்டும் போட்டு வையுங்கள் என்பேன். நம்ப மாட்டார். இன்னும் யாப்புத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

என்னால் ஆனதைச் சொல்கிறேன். டிரெடில் இல்லை, முதலாளி இல்லை. பைண்டிங் தெரியும். ஊசி, நூல், மைதாப் பசை, காலிகோ துணி வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதின தாள்களை வகுப்புவாரியாகச் சேர்த்துக் கொடுத்தால் கையெழுத்துப் பத்திரிகையாகத் தைத்துத் தருகிறேன். துட்டு வேண்டாம். அட்டையில் பேரை மட்டும் ஈய எழுத்தால் ஒற்றித் தருவேன். வெள்ளத்தில் மிதக்காத பெட்டி இன்னும் அடுக்களைப் பக்கம்தான் கிடக்கிறது, வண்டலைக் கழுவி எழுத்துகளை ஒவ்வொன்றாக அறையில் போட்டாயிற்று. 'ழ' கொஞ்சம் குறைவு. அதனால் தலைப்பில் 'ழ' ரொம்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
எழுத்துக் கோத்தவன்,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி சந்திப்பு.

பி.கு.: நாய் பிறகு எங்கே போச்சு என்று நான்தான் கேட்டேன். பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. பழைய தாளைத் தேடி எடுத்து, அடியில் ஒரே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள். 'தண்ணி வடிஞ்ச மறுநாளே மறுபடியும் கொலைக்க ஆரம்பிச்சிட்டு.'